மூன்று கடைகளில் ஒரு மகன்

பிளாஸ்டிக் ஸ்டூலில் இன்னும் சூடு இருந்தது. சற்று முன்னால் அதிலிருந்து எழுந்துபோன பருத்த மனிதரின் உடற்சூடு சேலையைக் கடந்து தொடையை எட்டியபோது மங்கையர்க்கரசிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது; எழுந்துவிடலாமென்றால் முழங்கால் இடங்கொடுக்கவில்லை, காலை பதினொன்றரை மணியிலிருந்து அவள் சென்னை ரிச்சி தெருவில் நின்றுகொண்டே இருக்கிறாள், இது மூன்றாவது கடை, இனி ஒரு மாடிப்படி ஏறவும் உடம்பில் திராணி இல்லை; ஆகவே வேற்று மனிதரின் சூட்டின்மேல் உட்கார்ந்தபடி, அது தன்னுடைய சூடாக மாறும் கணம் எதுவென்று அருவருப்போடு கவனித்துக்கொண்டிருந்தாள். எட்டடி அகலக் கம்ப்யூட்டர் கடை. குளிர்சாதனம் ஈரத்துணியின் நாற்றத்தை ஊதியது; கீழே எங்கோ சமோசா பொரித்த எண்ணெயின் வாடை படியேறி வந்து அதனோடு கலந்தது. கண்ணாடி மேசையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைரேகைகள், யாரோ பிசின் தொட்ட விரலால் போட்ட கூட்டல் கணக்கு. மேசைக்குப் பின்னால் கடைக்காரர் தேவபிரகாசம், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் கறுப்பு நைலான் நாடா ஒன்றின் முனையால் வலது காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்ததும் முனையை ஒருதரம் உற்றுப் பார்த்தார், சட்டையில் துடைத்தார், மற்ற நாடாக்கள் கிடந்த டப்பாவிலேயே அதைப் போட்டுவிட்டார். அது இனி யாருடைய கம்ப்யூட்டருக்குள் போகும்? கடையில் இந்நேரம் வேறு வேலை இல்லை, ஆகவே என்னுடையதற்குள்தான் போகும், மூன்றாண்டோ ஐந்தாண்டோ என் மேசைக்கடியில் அந்தக் காதழுக்கு ஒயர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும் என்று நினைத்தவள், 'என்னுடையது' என்ற சொல்லில் வந்து இடறி நின்றாள். இல்லை. இந்தக் கடையில் அது என்னுடையது அல்ல. மகனுடையது.

அவன் முதல் கடையில் பிறந்தான். அங்கே வேலை பார்க்கும் முனீர் என்ற நாற்பது வயதுக்காரர், மீசைக்கு மட்டும் சாயம் பூசித் தலையை நரைக்க விட்டவர், அவள் பட்டியலை நீட்டுவதற்கு முன்பே "பையனுக்கா அக்கா?" என்று கேட்டார், அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான் பிரசவம். தலை அசைந்ததற்குக் காரணம் கேட்டால் இன்றுவரை அவளால் சொல்ல முடியாது. கணவர் தணிகாசலத்துக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை என்பது ஆறிப்போன விஷயம், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவமனைக் கோப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து மதியக் காட்சிக்குப் போனார்கள், அந்த இடத்தை இப்போது அழுத்தினாலும் வலிக்காது. வலியால் அசைந்த தலை அல்ல அது. சோம்பலால் அசைந்த தலை. நாற்பத்தெட்டு வயதுப் பெண் துப்பாக்கி விளையாட்டுக்கு மெஷின் வாங்குகிறாள் என்று விளக்கத் தொடங்கினால் அந்த மீசை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த மீசையைத் தவிர்க்க ஒரு மகனைக் கொடுத்தாள். "என்ன படிக்கிறான்?" "டென்த்." பத்தாம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு எதற்கு, பரீட்சை முடியட்டும் என்று முனீர் அரைமணி நேரம் புத்தி சொன்னதால் அங்கிருந்து இறங்கிவிட்டாள். இரண்டாம் கடையில் பாடம் மாறியது: அங்கே அவன் வளர்ந்து, அனிமேஷன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், பெரிய கார்டுக்கு அது போதுமான காரணமாக இருந்தது, ஆனால் சம்பாதிக்கிற பையன் ஏன் அம்மாவை அனுப்பினான் என்று அங்கிருந்தவன் சிரித்தான். ஆகவே இந்த மூன்றாம் கடையில் அவன் இன்ஜினியரிங் இரண்டாமாண்டு, கோயம்புத்தூரில் ஹாஸ்டல், விடுமுறைக்கு வரப்போகிறான். ஒவ்வொரு படியேற்றத்திலும் அவன் ஒழுங்குபட்டுக்கொண்டே வந்தான், முந்தைய சொல்லலில் இடித்த இடங்கள் அடுத்ததில் தேய்ந்து வழுவழுப்பாயின. வாயிலிருந்து எடுத்த மிட்டாயைப் போல. தூ.

"அம்மா, லிஸ்ட்ல இருக்கிற மதர்போர்டு ஸ்டாக் இல்ல," என்றார் தேவபிரகாசம். "அதே பிராசசருக்கு போன ஜெனரேஷன் போர்டு ஒன்னு இருக்கு. சாக்கெட் அதேதான். பயோஸ் அப்டேட் பண்ணிக் கையில குடுத்துடறேன்."

"அது பழைய டிடிஆர் ஃபோர் ரேம் எடுக்கிற போர்டு. லிஸ்ட்ல ஃபைவ் போட்டிருக்கு."

"ரேமையும் மாத்திக்கலாமே. விளையாடுற பையனுக்கு வித்தியாசமே தெரியாதும்மா."

தெரியும். எனக்குத் தெரியும். அவள் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "பையன் ஒத்துக்க மாட்டான்," என்றாள்.

"பையன் விவரமானவன்தான்," என்று அவர் மெச்சினார்; அந்த மெச்சுதல் அவள் தலைக்கு மேலாகக் கடந்து, கோயம்புத்தூர் நோக்கிப் போயிற்று. இதுதான் இன்று காலையிலிருந்து நடப்பது. பட்டியலில் எட்டு வரி. எட்டு வரிக்குப் பின்னால் ஐந்து வாரம் இருக்கிறது: அலுவலக மதிய இடைவேளைகளில் தயிர்சாதத்தை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் அவள் ஒப்பிட்டுப் பார்த்த அளவுகள், இந்த பிராசசருக்கு இதைவிடப் பெரிய கார்டு போட்டால் கார்டு வேலையின்றிக் காத்துக்கிடக்கும், இதைவிடச் சிறியது போட்டால் பிராசசர் வீண், கேபினெட்டின் உள்நீளம் முந்நூற்று முப்பது மில்லிமீட்டர், முன்பக்க மின்விசிறி இருபத்தைந்தைத் தின்றுவிடும், கார்டு முந்நூற்றிரண்டு, மிச்சம் மூன்று, மூன்று மில்லிமீட்டர் போதும், ஒரு தீப்பெட்டிக் குச்சியின் தடிமனுக்குச் சற்று அதிகம். இவ்வளவும் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. சற்று முன்னால் அவர் மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் மலிவு எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்றை, மேலே எழுநூற்றைம்பது வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியதை, நீட்டினார். கையில் வாங்கியதுமே உள்ளே ஒன்றுமில்லாத கனம் அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது, செத்த எலியைத் திருப்பித் தருவதைப் போலத் திருப்பித் தந்தாள். அந்த மணிக்கட்டு அவளுடையது. அதற்கும் அவர் "பையன் சொல்லி அனுப்பிச்சானா?" என்றுதான் கேட்டார், அவளும் ஆமாம் என்றாள். எட்டு வரிகளும் அவள் கையெழுத்து. "கையெழுத்து பொம்பளப் புள்ள மாதிரி எழுதறான்மா," என்று அவர் சொன்னபோது அவள் சிரித்தும் வைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் உதட்டில் பாலாடை போல ஒட்டிக்கொண்டிருந்தது, கைக்குட்டையால் துடைத்தாள், போகவில்லை.

பயந்தா சிரித்தாய், மங்கையர்க்கரசி? பயம் இல்லை, பழக்கம். ஏழாண்டுகளுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஆன்லைன் ஆட்டத்தில் மைக்கைத் திறந்திருக்கிறாள். முகந்தெரியாத மூவரோடு ஆடிய ஆட்டம், மாடி ஜன்னலில் எதிரியின் துப்பாக்கிக் குழல் தெரிந்தது, எச்சரிக்கவேண்டும் என்ற அவசரத்தில் பொத்தானை அழுத்தி "மாடியில ஒருத்தன் இருக்கான்" என்றாள். மூன்று வினாடி ஒன்றுமில்லை. பிறகு "டேய், ஆன்ட்டிடா." "ஆன்ட்டி, குக்கர் விசில் வருது பாருங்க, ஆஃப் பண்ணிட்டு வாங்க." இவை கூடப் பரவாயில்லை, கேட்டுச் சிரித்துவிடலாம், அதன்பின் ஒருவன் வாயை மைக்கின்மேல் வைத்து எழுப்பிய ஓசை ஒன்று உண்டு, அதை அவள் தணிகாசலத்திடமும் சொன்னதில்லை, காதுக்குள் எச்சில் விழுந்ததைப் போல அன்று இரண்டுமுறை காதைக் கழுவினாள். அதோடு மைக் மூடியது. ஆட்டத்தில் தன் பெயரைக் கரிச்சான் என்று மாற்றிக்கொண்டாள். இப்போது அவளோடு ஆடும் மூவர், ஓசூரில் ஒருவன், மதுரையில் ஒருவன், மஸ்கட்டில் ஒருவன், நல்ல பையன்கள், நான்காண்டாக அவளைக் 'கரிச்சான் அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள், மைக் கெட்டுப்போன அண்ணா, எழுத்தில் மட்டும் பேசுகிற அண்ணா, குறி தப்பாத அண்ணா. இரண்டு வாரத்துக்கு முன் பழைய மெஷின் கருகிய வாசனையோடு செத்துப்போனது. நேற்று ஓசூர்க்காரன் எழுதியிருந்தான்: திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் நாலாவது இடத்துக்கு வேறொருத்தனைச் சேர்த்துக்கொள்கிறோம் அண்ணா, தப்பா நினைக்காதீங்க. தப்பாக நினைக்கவில்லை. நாலாவது இடம் காலியாக இருந்தால் ஆட்டம் இல்லை, அது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தச் சூட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். இன்று மெஷின் கைக்கு வரவேண்டும். அந்த ஒரு இடத்தை, உலகத்தில் அவள் யாருக்கும் மனைவியாகவும் மேடமாகவும் இல்லாத அந்த ஓர் இடத்தை, விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை.

"போர்டுக்கு வழி பண்ணிட்டேம்மா," என்றார் தேவபிரகாசம் போனை வைத்துவிட்டு. "நம்ம தெருவுல ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட இருக்கும், எடுத்துக்குவோம். பத்து நிமிசத்துல கொண்டாந்துருவாங்க." பிறகு பிராசசர் பெட்டியை எடுத்து அவள்முன் வைத்தார், அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த வட்ட முத்திரையைச் சுட்டினார். "அதுக்குள்ள பையனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"கடை ரூல்மா. அப்பா அம்மா வந்து வாங்கினா, புள்ள வாயால சரின்னு சொல்லாம சீல் உடைக்கமாட்டேன். போன வருசம் இப்படித்தான் ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் பையன் வந்து, தப்பான பிராசசர்னு இதே மேசை மேல பெட்டியை வீசினான். அம்மாவை எங்க முன்னாடியே வாடி போடின்றான். சீல் உடைச்சா கம்பெனி திருப்பி எடுக்காது. எனக்கு எதுக்கும்மா அந்தப் பாவம்?"

"கிளாஸ்ல இருப்பான்."

"சனிக்கிழமையா?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே வாய் கசந்தது. மோட்டார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது அவள் பிழைப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே விபத்தை மூவர் சொல்லக் கேட்டு, ஒருவரே மூன்றுதரம் சொல்லக் கேட்டு, பேதங்களைப் பக்கம் பக்கமாகக் குறித்துவைத்தவள். அதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. உண்மையைச் சொல்கிறவன் தடுமாறுவான், லாரி இடப்பக்கம் வந்தது என்பான், மறுதரம் வலப்பக்கம் என்பான், ஆனால் கையிலிருந்த டீ எங்கே சிந்தியது என்பது மட்டும் மூன்று சொல்லலிலும் மாறாது. பொய் சொல்கிறவனுக்கு எதுவும் மாறாது, ஆனால் ஒவ்வொரு தரமும் ஒரு பொருள் கூடும். முதல்தரம் லாரி, அடுத்ததரம் லாரியின் நிறம், அதற்கடுத்ததரம் ஓட்டுநரின் சட்டை. ஸ்பெஷல் கிளாஸ் என்பது ஓட்டுநரின் சட்டை. இப்படி ஒரு வாக்குமூலம் அவள் மேசைக்கு வந்திருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு எதிரே இருப்பவனைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள், அவன் தானாகவே கரையத் தொடங்குவான். கரைகிறவர்களின் மேலுதட்டில் வியர்வை அரும்புவதைப் பார்த்து எத்தனைதரம் முகத்தைச் சுளித்திருக்கிறாள். மேலுதட்டைத் தொட்டாள். ஈரம். சரி, யாருக்குப் போன் போடுவது? தணிகாசலத்துக்குப் போட்டால் "உன் சமாச்சாரம், நீயே முடி" என்பார், அதோடு அந்தக் கரகரத்த குரலை எந்தக் கடைக்காரரும் இரண்டாமாண்டு என்று நம்பமாட்டார். ஓசூர்க்காரனின் எண் இருக்கிறது. தம்பி, நான்தான் கரிச்சான், ஒரு நிமிடம் எனக்கு மகனாக இரு. நான்காண்டு நட்பை அந்த ஒரு வாக்கியத்தில் கொன்றுவிடலாம். அவன் மூன்று வினாடி பேசாமல் இருப்பான், அந்த மூன்று வினாடியை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அல்லது எழுந்து, எனக்குத்தான், நான்தான் ஆடுகிறேன் என்று சொல்லிவிடலாம். மூன்றே சொல். ஆனால் காலையிலேயே சொல்லியிருந்தால் அது தகவல். இப்போது சொன்னால் வாக்குமூலம். அவள் போனை வெளியே எடுத்தாள், திரையில் யாரோ ஒருவரின் பெயரைத் தேடுவதைப் போல விரலால் மேலும் கீழும் தள்ளினாள். எத்தனை பெயர்கள். இந்த நடிப்பின் நேர்த்தி அவளுக்கே ஓங்கரித்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. போர்டுப் பெட்டியை அக்குளில் இடுக்கியபடி, மூச்சு வாங்க வந்து நின்றது சாயம் பூசிய மீசை. முதல் கடை முனீர்.

"இந்தாங்கண்ணே... அட, அக்கா! நீங்களா! கடைசியில வாங்கிட்டீங்களா? நான் அவ்ளோ சொன்னேனே, டென்த்து முடியட்டும்னு."

"டென்த்தா?" தேவபிரகாசம் சிரித்தார். "யோவ், ஆளு மாறிப் பேசற. அம்மா பையன் இன்ஜினியரிங், செகண்ட் இயர். கோயம்புத்தூர்ல இருக்கான்."

"இல்லண்ணே, சத்தியமா டென்த்துன்னாங்க. பக்கத்துல அந்தோணி கடைக்குப் போயிருக்காங்க, அவன்கிட்ட பையன் வேலைக்குப் போறான்னு சொல்லியிருக்காங்க, அவன் டீ குடிக்க வரும்போது சொல்லிச் சிரிக்கிறான். அதே பச்சைச் சேலை அம்மாதான்னு. எத்தனை பசங்கக்கா உங்களுக்கு?"

மூன்று பாடங்களும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. மூன்று பையன்கள் என்று சொல்லலாம், கணக்கு நேராகிவிடும், கடைசிப் பையன் பத்தாவது, நடுவில் இன்ஜினியரிங், மூத்தவன் வேலை. வாயைத் திறந்தாள். பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை, தொண்டையில் சமோசா எண்ணெய் மட்டும் இருந்தது. போன் திரை தானாக அணைந்தது. முனீர் இன்னும் இளித்துக்கொண்டிருந்தார். தேவபிரகாசம் இளிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ மெல்லத் தாழ்ந்தது.

"நீ கெளம்புய்யா," என்றார் முனீரிடம், குரலே மாறிப்போய்.

"இல்லண்ணே, நான் என்ன கேக்கறேன்னா..."

"கெளம்புன்றேன்ல. அப்புறம் பேசிக்கலாம். போ."

செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு சுத்தமான துணியை எடுத்து இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்தார், அதுவரை அந்தக் கடையில் எதையும் துடைக்காதவர். பிராசசர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கத்தியின் நுனியால், காகிதம் கிழியாமல், முத்திரையை அறுத்தார். போன் கேட்கவில்லை. ரூல் பேசவில்லை. "எங்க அக்கா வீட்லயும் இப்படித்தாம்மா," என்றார் தலை நிமிராமல். "பிரவீன்னு பேரு. டென்த் படிக்கும்போது போயிட்டான், கிணத்துல. இப்ப யார் கேட்டாலும் அக்கா சொல்லும், செகண்ட் இயர் படிக்கிறான்னு. போன வருசம் ஃபர்ஸ்ட் இயர்னு சொல்லிச்சு. நாங்க யாரும் ஒன்னும் சொல்றதில்ல. அவன் பொறந்தநாளுக்கு அவன் ஆசைப்பட்ட சைக்கிள் வாங்கிக்கூட நிறுத்தியிருக்கு. நீங்க உக்காருங்க. நான் நல்லாப் பண்ணித் தர்றேன்."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை அவள் பிற்பாடு எத்தனை தடவை யோசித்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது: மற்ற எதற்கும் முன்னால், சூடான தண்ணீர் முதுகில் ஊற்றியதைப் போல நிம்மதி வந்தது. முத்திரை உடைந்துவிட்டது, மெஷின் வந்துவிடும், திங்கட்கிழமை நாலாவது இடத்தில் உட்காரலாம், ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை, தலையைச் சற்றுக் குனிந்துகொண்டால் போதும், குனிந்தும் இருந்தாள். அதன்பின்தான் குமட்டல். அது இதுவரை வந்ததைப் போல வெளியிலிருந்து, ஸ்டூலிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் காதழுக்கிலிருந்தும் வரவில்லை. உள்ளிருந்து கிளம்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால் திரண்டு நின்றது. பிரவீன் என்று ஒரு பெயர். கிணறு என்று ஓர் இடம். வெறும் தலையசைப்பில் பிறந்த அவளுடையவனுக்குத் துணையாக, மெய்யாகவே செத்த ஒருவனை இந்த மனிதர் எழுப்பிக் கொண்டுவந்து மேசைமேல் உட்காரவைத்துவிட்டார்; இருவரும் ஒரே வயதில், தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா யாரோ, எங்கோ ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மகனை ஏற்றிக்கொண்டு போகிறவள். நானோ மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிட்டேன். அவர் பிராசசரை அதன் சதுரத்தில் இறக்கி, கொக்கியை மடக்கி, மேலே சாம்பல் நிறப் பசையைச் சோளத்தின் அளவுக்கு வைத்தார். அவ்வளவு கவனமாக. அந்தக் கவனம் அவளுக்குரியது அல்ல.

"எனக்குப் பிள்ளையே இல்லைங்க," என்றாள்.

"தெரியும்மா. விடுங்க."

"இல்ல. உங்களுக்குத் தெரியல. பொறக்கவே இல்ல. யாரும் சாகல. நான்தான் விளையாடறது. லிஸ்ட் நான் எழுதினது. முதல் கடையில அவர் பையனுக்கான்னு கேட்டார், ஆமான்னேன். அப்புறம் சொல்லிக்கிட்டே போனேன்."

அவர் கை நின்றது. பசைக்குழாயின் முனையில் ஒரு துளி திரண்டு தொங்கியது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், நெற்றியிலிருந்து சேலையின் கரைவரை பார்த்தார். மேலுதடு ஒருபக்கம் சுருங்கி ஏறியது.

"இதுக்கா?" என்றார். "ஒரு மெஷினுக்கா?"

அவள் அணைந்த போனைப் பைக்குள் போட்டாள்.

"எங்க பிரவீன் பேரை உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக் கையை மறுபடி துடைத்தார், இந்தமுறை அழுத்தி. அவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அதை அவள் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அணிந்து வந்திருக்கிறாள். காலையிலிருந்து இந்தத் தெருவில் எத்தனையோ பார்வைகள் அவள்மேல் பட்டு, அவளைத் துளைத்து, பின்னால் நிற்கும் யாரோ ஒருவனிடம் போய்ச் சேர்ந்தன. இது போகவில்லை. இது அவளிடமே வந்து நின்றது. கேவலம் என்று அது சொன்னது, அவளும் ஆமாம் என்று நினைத்தாள், நினைத்தபடியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

முத்திரை உடைந்த பெட்டியை அவரால் திருப்பி வைக்க முடியாது. வேலையைத் தொடர்ந்தார். இப்போது அந்தக் கவனம் போய்விட்டது, மின்விசிறியைத் திருகிய வேகத்தில் மேசை அதிர்ந்தது, ரேம் பெட்டியைப் பல்லால் கிழித்து, இரண்டு பட்டைகளையும் நான்கு பள்ளங்களில் முதல் இரண்டில் வைத்துக் கட்டைவிரலால் குத்தி அழுத்தினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டாலும் மெஷின் ஓடும். வேகம் குறைந்து ஓடும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

"ரெண்டு, நாலு," என்றாள்.

"என்னது?"

"ரேமை ஒன்னுலயும் ரெண்டுலயும் போட்டுட்டீங்க. ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தார். ஓரத்துக் கொக்கிகளை நெம்பி, இரண்டு பட்டைகளையும் பிடுங்கினார், எண்ணி, மாற்றி வைத்து அழுத்தினார்.